ஏழு பாடசாலைக்கு விண்ணப்பம் போடலாமா?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன். மகள் ஐந்தாம் தரம், புலமைப்பரிசில் பரீட்சை எழுதிவிட்டு பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறாள். இவருக்குக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலை, கணவர் டோஹாவில். ஆறாம் தரத்துக்கு மகளை ‘ஒரு நல்ல பிரைவேட் ஸ்கூலில்’ போட வேண்டும் என்று கணவர் உறுதியாக நிற்கிறார், காசைப் பற்றி யோசிக்காதே என்றும் சொல்கிறார். வெள்ளவத்தையில் இருக்கும் மச்சாள் கொழும்புக்கு அனுப்பு என்கிறார். யாழ்ப்பாணத்தில் இருக்கும் இவருடைய அம்மா, இங்கே என்னிடம் விடு என்கிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் திருகோணமலையிலேயே ஓர் இன்டர்நஷனல் ஸ்கூலுக்குப் போகிறார்கள், நன்றாக இங்கிலீஷ் பேசுகிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்து இப்போது ஏழு பெயர் இருக்கிறது: யாழ்ப்பாணத்தில் வேம்படி, சுண்டுக்குளி, உடுவில், கொழும்பில் லேடீஸ், பிஷப்ஸ், இராமநாதன், அப்புறம் அந்த இன்டர்நஷனல். ஏழுக்கும் போடவா, எதை முதலில் வைக்க, நுழைவுப் பரீட்சைக்கு ரியூஷன் வேண்டுமா, ‘இடம் எடுத்துத் தருகிறேன்’ என்று ஒருவர் சொல்கிறார், அவரை நம்பலாமா? இவைதான் கேள்விகள்.

தங்கச்சி, ஏழுக்கும் போட வேண்டாம். இரண்டு மூன்று போதும், அதில் ஒன்று நம்முடைய ஊரிலேயே இருக்கட்டும். உங்கள் பட்டியலைப் பார்த்தால் அதில் மச்சாளின் ஆசை இருக்கிறது, அம்மாவின் ஆசை இருக்கிறது, பக்கத்து வீடு இருக்கிறது, கணவரின் கனவும் இருக்கிறது. நீங்கள் ஆராய்ந்து சேர்த்த பெயர் எது என்றுதான் தெரியவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் நேரே இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: நாளைக்கே அங்கிருந்து ‘பிள்ளையைச் சேர்க்கிறோம், வாருங்கள்’ என்று கடிதம் வந்தால், நான் உண்மையாகவே பெட்டி கட்டுவேனா? கட்ட மாட்டேன், அல்லது அப்போது பார்க்கலாம் என்று மனது சொன்னால் அந்தப் பெயரை வெட்டிவிடுங்கள். கிடைத்தாலும் போகப் போவதில்லை என்ற இடத்துக்கு விண்ணப்பம் போட்டு, பிள்ளையைப் பரீட்சைக்கும் நேர்முகத்துக்கும் இழுத்துக்கொண்டு போய், இரவு மெயில் ரயிலில் தூக்கம் கெடுத்து, கடைசியில் ‘இல்லை’ என்ற பதிலைப் பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பதில் ஒரு பிரயோசனமும் கிடையாது.

முதலில் ஒரு திருத்தம். நீங்கள் எழுதிய ஏழில் இரண்டு பிரைவேட் இல்லை. வேம்படியும் பம்பலப்பிட்டி இராமநாதனும் அரச பாடசாலைகள். அவற்றுக்கு ஆறாம் தரத்தில் போகிற வழி புலமைப்பரிசில் புள்ளிதான். பெறுபேறு வந்த பிறகு பாடசாலைக்குப் பாடசாலை வெட்டுப்புள்ளி போடுவார்கள், மகளின் புள்ளி அதைத் தாண்டினால் உரிமையோடு கேட்கலாம், தாண்டாவிட்டால் யாரைப் பிடித்தும் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதனால் அந்த இரண்டையும் இப்போது ஒரு பக்கம் வையுங்கள், புள்ளி வந்ததும் எடுத்துப் பார்க்கலாம். சுண்டுக்குளி, உடுவில், லேடீஸ், பிஷப்ஸ் நான்கும் திருச்சபைகளோடு சேர்ந்த தனியார் பாடசாலைகள். பாடத்திட்டம் அரசினுடையதுதான், பிள்ளைகள் எழுதுவதும் நம்முடைய சாதாரண தரமும் (ஓ.எல்.) உயர்தரமும் (ஏ.எல்.) தான், ஆனால் யாரைச் சேர்ப்பது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். இன்டர்நஷனல் வேறு வகை. அது கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்ட நிறுவனம்.

ஏன் இப்படி மூன்று வகை என்பதைத் தெரிந்துகொண்டால் குழப்பம் பாதி குறையும். 1960, 1961 ஆண்டுகளில் வந்த சட்டங்களால் அரசு உதவி பெற்ற பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. தனியாக நிற்கிறோம் என்று சொன்னவை சிலதான், அவைதான் இன்று நாம் பெரிய பிரைவேட் ஸ்கூல் என்று பேசுகிறவை. 1961இன் சட்டம் ஐந்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்குவதையும் தடுத்தது. அதனால்தான் பின்னால் வந்தவர்கள் கம்பனியாகப் பதிந்து இன்டர்நஷனல் ஸ்கூல் நடத்துகிறார்கள். நம்முடைய ஊரில் ஒரு காலத்தில் மிஷனும் சைவப் பெரியோரும் நடத்திய பாடசாலைகள் எல்லாம் இன்று அரச பாடசாலைகள். ஆக, அந்தப் பழைய வகைப் பிரைவேட் பாடசாலை வேண்டுமென்றால் திருகோணமலைப் பிள்ளை ஊரை விட்டுத்தான் போக வேண்டும். கொழும்பில் இருக்கிற குடும்பத்துக்கு இது எந்தப் பாடசாலை என்ற கேள்வி. உங்களுக்கோ, பிள்ளை யாரோடு வளரப் போகிறாள் என்ற கேள்வி இதற்கு முன்னால் வந்து நிற்கிறது.

அதைத்தான் நான் கூடுதலாகக் கதைக்க விரும்புகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் பாடசாலைகளைப் பற்றி நிறைய இருக்கிறது, மகள் இரவில் எங்கே படுப்பாள் என்பதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. ஆறாம் தரத்திலிருந்து உயர்தரம் முடிய எட்டு வருடம். மச்சாள் அன்பாகத்தான் கூப்பிடுகிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் வெள்ளவத்தையில் இரண்டு அறை ஃபிளாட்டில் அவருடைய பிள்ளைகளும் இருக்கும்போது எட்டு வருடம் என்பது விருந்தாளிக் கணக்கில் வராது. சாப்பாடு, ஸ்கூல் வான், காய்ச்சல் வந்தால் லீவு போடுவது யார், பெற்றோர் கூட்டத்துக்குப் போவது யார், மாதம் எவ்வளவு காசு கொடுப்பது, அதைக் கொடுத்தால் அவர் கோபிப்பாரா என்று எல்லாவற்றையும் வாய்விட்டுப் பேசியாக வேண்டும். பேசக் கூச்சமாக இருக்கிறதென்றால், அங்கே பிள்ளையை விடுவதற்கு இது நேரமில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இன்னொன்றும் இருக்கிறது, பெண் பிள்ளையைப் பெற்ற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் மகள் பெரியபிள்ளை ஆகிவிடுவாள். அந்த நாட்களில் பக்கத்தில் தாய் இருப்பதா, அம்மம்மா இருப்பதா, விடுதி மேட்றன் இருப்பதா என்பது சின்ன விஷயம் இல்லை. அம்மம்மா வீட்டிலிருந்து போய்வரக்கூடிய பாடசாலை என்றால் எனக்கு மனது கொஞ்சம் ஆறும். விடுதி கெட்டது என்று சொல்லவில்லை. உடுவில் 1824இல் விடுதிப் பாடசாலையாகவே தொடங்கியது, இரண்டு நூற்றாண்டாகப் பெண் பிள்ளைகள் படித்து வந்த இடம். சுண்டுக்குளியும் 1896இலிருந்து இருக்கிறது. சில பிள்ளைகள் விடுதியில் போய்ப் பூத்துக் குலுங்குவார்கள், நேர ஒழுங்கும் தோழிகளும் கிடைக்கும். சில பிள்ளைகள் முதல் தவணை முழுக்க அழுவார்கள், சாப்பிட மாட்டார்கள். உங்கள் மகள் எந்த ரகம் என்பது ஏற்கெனவே உங்களுக்குத் தெரியும். லீவுக்கு அம்மம்மா வீட்டில் இரண்டு கிழமை நீங்கள் இல்லாமல் நின்றிருக்கிறாளா? நின்றால் எப்படி இருந்தாள்? நிற்கவே இல்லையென்றால் அடுத்த விடுமுறைக்கு விட்டுப் பாருங்கள். பாடசாலையின் பெயர்ப்பலகையை விட அந்த இரண்டு கிழமை உங்களுக்குக் கூடுதலாகச் சொல்லித் தரும்.

அடுத்தது, பலர் கவனிக்காமல் விடுகிற ஒன்று, மாவட்டக் கணக்கு. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நம்முடைய திருகோணமலை அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கிறது. மருத்துவம், பொறியியல் போன்றவற்றுக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் இஸட் புள்ளி (உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணித்து அனுமதிக்குப் பார்க்கிற புள்ளி) வெட்டு மாறும், கொழும்பு, யாழ்ப்பாணத்தோடு ஒப்பிட்டால் நம்முடையது பொதுவாகக் குறைவாக இருக்கும். பிள்ளை எந்த மாவட்டத்தவர் என்பதை ஐடென்டிட்டி கார்டில் உள்ள விலாசத்தை வைத்துத் தீர்மானிப்பதில்லை. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்களில் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தாள் என்பதைத்தான் அடிப்படையாக எடுக்கிறார்கள். அப்படியானால் மகள் இப்போது கொழும்புக்குப் போய் உயர்தரம் வரை அங்கேயே படித்தால், கொழும்புப் பிள்ளைகளோடு கொழும்பு வெட்டுப்புள்ளிக்குத்தான் போட்டியிட வேண்டும். உப்புவெளியில் வீடும் காணியும் இருப்பது அங்கே உதவாது. டொக்டர் ஆக வேண்டும் என்பது வீட்டில் பேச்சாக இருந்தால் இதைக் கணவருக்கு விளங்கப்படுத்துங்கள், ஏனென்றால் லட்சக் கணக்கில் செலவழித்து மகளைக் கஷ்டமான வரிசையில் கொண்டுபோய் நிறுத்துகிறோம் என்பது டோஹாவிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாமல் இருக்கலாம். கலைப் பிரிவுக்குப் பெரும்பாலும் அகில இலங்கைத் திறமைதான் என்பதால் அங்கே இந்தக் கணக்கு அவ்வளவு இடிக்காது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் கைநூல் வெளியிடுகிறது, தமிழிலும் இருக்கிறது. அதில் இந்தப் பகுதியை மட்டுமாவது இருவரும் வாசியுங்கள்.

ஒன்பதாம் தரம் வரை வெளியே படித்துவிட்டுத் திரும்பலாமே என்று சிலர் கேட்பார்கள். முடியும். ஆனால் பதினான்கு வயதில் ஒரு பிள்ளையை ரீச்சர்மாரிலிருந்தும் கூட்டாளிகளிலிருந்தும் பிடுங்கிக்கொண்டு வருவது லேசான காரியம் இல்லை, திரும்பி வரும்போது நீங்கள் விரும்புகிற ஊர்ப் பாடசாலையில் இடம் இருக்குமா என்பதும் அப்போதுதான் தெரியும்.

இனி பெயர்களுக்கு வருவோம். லேடீஸ், பிஷப்ஸ் போன்ற கொழும்புப் பாடசாலைகள் பிள்ளைகளைப் பெரும்பாலும் சின்ன வயதிலேயே எடுத்துவிடும். நடு வகுப்பில் யாராவது விலகினால்தான் இடம். அந்த இடம் தமிழ் மொழிமூல வகுப்பில் இருக்க வேண்டும், அதற்கும் பழைய மாணவியரின் பிள்ளைகளும் திருச்சபைக் குடும்பங்களும் முன்னால் நிற்பார்கள். எனவே விண்ணப்பம் போடுவதற்கு முதல் ஒரு ஃபோன் எடுத்து மூன்றே விஷயம் கேளுங்கள்: அடுத்த வருடம் ஆறாம் தரத்தில் தமிழ் மொழிமூலத்தில் வெற்றிடம் இருக்கிறதா, வெளி மாவட்டப் பிள்ளையை எடுப்பீர்களா, சைவப் பிள்ளைகளுக்கு எப்படி? இந்த ஃபோனிலேயே இரண்டு பெயர் உதிர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். உதிரட்டும்.

பாடசாலையின் பெறுபேற்றைப் பார்க்கிறபோது கவனமாகப் பாருங்கள். வாசலில் பெனர் கட்டி, ஒன்பது ஏ எடுத்தவர்களின் படம் போட்டிருப்பார்கள். எத்தனை பேர் எழுதி அத்தனை பேர் எடுத்தார்கள் என்று அதில் இருக்காது. உயர்தரத்துக்குப் பல பிரைவேட் பாடசாலைகள் வெளியிலிருந்து நல்ல ஓ.எல். பெறுபேறு உள்ள பிள்ளைகளைச் சேர்க்கும், பிறகு அந்தப் பிள்ளைகளின் பெறுபேறு பாடசாலையின் பெறுபேறாகிவிடும். ஆறாம் தரத்தில் சேர்ந்த ஒரு சராசரிப் பிள்ளை பதினோராம் தரத்தில் எங்கே நிற்கிறாள் என்பதுதான் உங்களுக்குத் தேவை. அதை முதலாம் பிள்ளையின் தாயிடம் கேட்கக் கூடாது, வகுப்பில் இருபதாவதாக வருகிற பிள்ளையின் தாயிடம் கேட்க வேண்டும். எட்டாம் தரத்தில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் தமிழில் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, வருடத்துக்கு வருடம் ஆள் மாறுகிறாரா என்றும் அவரிடமே கேளுங்கள். பாடசாலை முடிந்து பிள்ளைகள் எல்லாரும் நேரே ரியூஷனுக்குத்தான் ஓடுகிறார்கள் என்றால், பாடசாலைக்கு ஒரு கட்டணம், ரியூஷனுக்கு இன்னொன்று என்று இரட்டைச் செலவு. அந்தக் காசுக்கு இங்கேயே என்ன செய்யலாம் என்று யோசிக்கலாம்.

இன்டர்நஷனல் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அங்கே லண்டன் ஓ.எல்., லண்டன் ஏ.எல். என்கிற பிரித்தானியப் பரீட்சைகள் என்றால், அந்தப் பெறுபேறு நம்முடைய பல்கலைக்கழகங்களின் இஸட் புள்ளி வரிசையில் வராது. மகளை வெளிநாட்டில் அல்லது கொழும்பில் காசு கட்டிப் பட்டம் படிப்பிக்கப் போகிறோம் என்று இப்போதே தீர்மானித்திருந்தால் மட்டும் அது நேரான வழி. பரீட்சைக் கட்டணம் பவுணை வைத்துத்தான் போகும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதத்துக்குள் 360 வரை போனபோது இப்படிப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் வீடுகள் பட்ட பாடு உங்களுக்கும் நினைவிருக்கும். உங்கள் கணவர் ரியாலில் உழைப்பதால் அந்த அடி உங்களுக்குக் கொஞ்சம் குறைவு, ஆனால் அவருடைய கொன்ட்ராக்ட் எட்டு வருடம் போகுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். பாதியில் காசு நின்றால் லண்டன் பாடத்திட்டத்திலிருந்து பத்தாம் தரத்துப் பிள்ளையை அரச பாடசாலைக்கு மாற்றுவது மிகக் கடினம். தமிழ் எழுத்தும் வரலாறும் புதிதாகத் தொடங்க வேண்டி வரும். நல்ல இங்கிலீஷ் தான் உங்கள் ஆசை என்றால், அதற்காக மட்டும் முழுப் பாடசாலையையும் மாற்ற வேண்டியதில்லை. அரச பாடசாலைகளிலேயே ஆறாம் தரத்திலிருந்து சில பாடங்களை ஆங்கிலத்தில் படிக்கும் இருமொழி வகுப்புகள் இருக்கின்றன. நீங்கள் நினைக்கும் பாடசாலையில் அது நடக்கிறதா, பெயருக்கு நடக்கிறதா என்று விசாரியுங்கள்.

ஊர்ப் பாடசாலை ஒன்றைப் பட்டியலில் வையுங்கள் என்று சொன்னேன். உங்கள் கடிதத்தில் சண்முகா இல்லை, சென்ற் மேரிஸ் இல்லை, மெதடிஸ்ட் இல்லை. அது எனக்குக் கவலையாக இருந்தது. பக்கத்தில் இருக்கிறது என்பதாலேயே அதைக் குறைத்து எடைபோட்டுவிட்டோமோ? உப்புவெளியிலிருந்து காலையில் பஸ்ஸிலோ வானிலோ போய், பின்னேரம் உங்களிடமே திரும்பி வந்து, தாயோடு சாப்பிட்டு, மாவட்ட உரிமையையும் வைத்துக்கொண்டு படிக்கிற வாய்ப்பு அது. கணவர் அனுப்ப நினைக்கிற காசில் ஒரு பகுதியை நல்ல இங்கிலீஷ் ஆசிரியருக்கும், புத்தகங்களுக்கும், மகளுக்கு எதில் விருப்பமோ அதற்கும், அது நீச்சலோ வயலினோ, செலவழிக்கலாம். மீதி வங்கியில் கிடக்கட்டும், உயர்தரத்துக்குப் பிறகு தேவைப்படும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதைத்தான் முதலாவதாக வைப்பேன், யாழ்ப்பாணத்தில் அம்மம்மா வீட்டிலிருந்து போகக்கூடிய ஒன்றை இரண்டாவதாக, புள்ளி போதுமென்றால் வேம்படியை மூன்றாவதாக. அம்மாவின் உடல்நிலை எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. இன்னும் எட்டு வருடம் அவரால் ஓடி ஆடிப் பார்க்க முடியாது என்றால் இரண்டாவதும் மூன்றாவதும் விடுதிக் கணக்காக மாறிவிடும், அப்போது நான் மேலே சொன்ன இரண்டு கிழமைச் சோதனைதான் முடிவு செய்ய வேண்டும். கொழும்பை நான் வைக்கவில்லை. நீங்களே இடமாற்றம் எடுத்து மகளோடு போவதென்றால் அது வேறு கதை, அப்படி ஒரு எண்ணம் இருந்தால் திரும்ப எழுதுங்கள்.

நுழைவுப் பரீட்சைக்குத் தனி ரியூஷன் வேண்டாம். புலமைப்பரிசிலுக்காக எவ்வளவு காலம் அந்தப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை கூட இல்லாமல் ஓடியிருக்கும், இப்போதுதான் மூச்சு விடுகிறது. தமிழ், கணிதம், இங்கிலீஷ் மூன்றிலும் ஐந்தாம் தரப் புத்தகத்தை ஒரு தடவை உங்களோடு இருந்து திருப்பிப் பார்த்தால் போதும். நேர்முகத்துக்கும் பாடமாக்க வைக்க வேண்டாம், பாடமாக்கிய பதில் கேட்கிற அதிபருக்கு உடனே தெரிந்துவிடும்.

இடம் எடுத்துத் தருகிறேன் என்கிற அந்த ஆளிடம் ஒரு சதம் கூடக் கொடுக்காதீர்கள். அரச பாடசாலை அனுமதிக்குக் காசு வாங்குவது இலஞ்சம், கொடுத்தவர் மேலும் சட்டம் பாயும். பிரைவேட் பாடசாலை என்றால் அனுமதிக் கட்டணம், கட்டட நிதி என்று கேட்பார்கள், அது இருக்கலாம். ஆனால் அதைப் பாடசாலையின் கணக்குக்கு நீங்களே கட்டி, பாடசாலையின் பெயரில் பற்றுச்சீட்டு எடுக்க வேண்டும். கையில் தா, பிறகு சீட்டு வரும் என்று யார் சொன்னாலும் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள், அவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி.

கணவருக்கு வெள்ளிக்கிழமை லீவுதானே. அன்றைக்கு ஃபோனில் இந்த மாவட்டக் கணக்கையும் எட்டு வருடச் செலவையும் அவரோடு பேசுங்கள். மகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், எங்கே போக விருப்பம் என்று மட்டும் கேட்காமல் எதற்குப் பயம் என்றும் கேளுங்கள். புலமைப்பரிசில் புள்ளியும் வெட்டுப்புள்ளியும் வந்த பிறகு இரண்டையும் எழுதி அனுப்புங்கள், வேம்படி பற்றி அப்போது முடிவாகச் சொல்கிறேன்.